காணாமல் போனவரின் வேஷம்

கடலூரில் என்னை வழியில் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், "சாரை எங்கியோ பாத்த மாதிரி இருக்கே" என்பார்கள். வங்கியில் இருந்தவரா, பள்ளிக்கூட வாத்தியாரா, தூரத்துச் சொந்தமா என்று யோசிப்பார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். "அட, சீரியல்ல செத்துப்போன அப்பா!" அதோடு சிரிப்பும் கைகுலுக்கலும் நடக்கும். என் பெயரை யாரும் கேட்டதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். அலுவலக நண்பர்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். அந்தக் குழுவுக்கு நாடகம் எழுதி, இயக்கி, விளக்கும் போடுகிற நண்பன் ஒருவன் இருந்தான். முதல் நாடகத்தில் கதாநாயகியின் அப்பா வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. தலையில் வெள்ளை பூசிக்கொண்டு கிழவனாக வர இளைஞர் யாருக்கும் மனசு வரவில்லை. நண்பன் என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீ செய்யி. உனக்குத் தோள்லயே வயசு இருக்குடா."

அது உண்மைதான். என் இடது தோள் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இறங்கியிருக்கும். அன்று மேடையேறிய பிறகு இளைஞன் வேஷம் எனக்கு வரவே இல்லை. என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம்கூட ஒரு நாடகத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தேன்.

நடிக்க வேண்டிய ஆளை நான் காலிலிருந்து பிடிப்பேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் நடக்க வரும் பெரியவர்களுக்குப் பின்னாலேயே நடப்பேன். முழங்கால் வலி உள்ளவர் எப்படித் திரும்புகிறார், பணியிலிருந்து ஓய்வுபெற்றவர் கையை எங்கே வைத்துக்கொள்ளத் தெரியாமல் எப்படித் தவிக்கிறார் என்றெல்லாம் பார்ப்பேன். நடை கிடைத்துவிட்டால் குரல் தானாக வந்துவிடும். முகத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

பிறகு அந்த நண்பன் சென்னைக்குப் போய் ஒரு படத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தான். என்னையும் கூப்பிட்டான். முதல் படத்தில் நான் டாக்டர். அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, தலையை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான். அதை ஒழுங்காகச் செய்தேன் போலிருக்கிறது. தொடர்ந்து நீதிபதி, பதிவாளர், கோயில் தர்மகர்த்தா, கிராமத் தலைவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் அப்பா என்று வந்தன. லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் சென்னைக்குப் போவேன். நடித்துவிட்டுத் திரும்பி வந்து மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். என் மேசைக்கு வருகிறவர்கள் யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தத் தொடர் வந்தது. ஒரு பெரிய குடும்பத்தின் அப்பா வேஷம். தொடங்கின வாரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனேன். படப்பிடிப்பு மேனேஜர் என்னை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி, கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். தொடர் வருஷக்கணக்காக ஓடியது. நான் கடலூரில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பேன். டிவியில் ஒரு பெண் என் படத்தின் முன்னால் நின்று, "அப்பா, நீங்க இருந்திருந்தா இப்படி நடக்குமாப்பா" என்று அழுவாள்.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். நெற்றியில் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்த என் படத்தை முதலில் பார்த்த அன்று எழுந்து சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தொடர் வரும் நேரத்தில் டிவி இருக்கும் பக்கமே வர மாட்டாள். "வேஷம்தானே" என்றேன். "எனக்கு அது வேஷமாத் தெரியல" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான் சிதம்பரத்திலிருந்து அந்த மனிதர் வந்தார். முப்பது வயது தாண்டியவர். அண்ணாமலை நகர் பக்கம் வீடு. வாசலில் நின்று என் முகத்தையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வரச்சொன்னேன். தண்ணீர் கொடுத்தோம். குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"சார், உங்க அட்ரஸை உங்க நாடக ஃபிரெண்டுகிட்ட வாங்கிட்டு வந்தேன். எங்கம்மாவுக்காக வந்திருக்கேன்."

அவருடைய அப்பா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். இவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர் போய்ச்சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. போலீசில் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்த் தேடினார்கள். பிச்சாவரம் பக்கம் போகும் கிள்ளை பஸ்ஸில் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிச்சாவரத்தில் படகு எடுத்துக்கொண்டு காட்டுக்கால்வாய்களுக்குள் எல்லாம் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. அதனால் வீட்டில் அவர் படத்தை மாட்டவில்லை. அம்மா பொட்டையும் எடுக்கவில்லை.

"இப்ப அம்மாவுக்கு ஞாபகம் சரியில்ல சார். ஒரு நாள் டிவில உங்க படத்த பாத்துட்டாங்க. மாலையோட. ஒரே கத்தல். 'யாருடா அவருக்கு மாலை போட்டது, கழட்டுடா'ன்னு எழுந்துபோயி டிவியை அறைஞ்சாங்க. அப்பலேருந்து சாப்பாடே எறங்கல. நான் சொன்னா நம்பமாட்றாங்க. நீங்க ஒரு தடவ நேர்ல வந்து நின்னீங்கன்னா…"

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். அச்சு அசல் நான் என்று சொல்ல முடியாது. நெற்றி ஒத்துப்போனது. மீசை ஒத்துப்போனது. ஆனால் அந்த மனிதரின் இடது தோள் இறங்கியிருந்தது. போட்டோவை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தாள்.

அவர் போன பிறகு எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம்.

"அந்த அம்மாகிட்ட போயி பொய் சொல்லப் போறீங்களா?"

"பொய் இல்ல. நடிக்கப் போறேன்."

"மேடையில நீங்க நடிக்கிறீங்கன்னு கீழ ஒக்காந்திருக்கவங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

ஆனால் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த அம்மாள்மேல் இரக்கம் இருந்தது உண்மை. அதைவிட, யாருமே பார்த்திராத ஒரு வேஷம் என்னைத் தேடி வந்திருக்கிறது என்ற நடிகனின் ஆசையும் இருந்தது. போனில் அந்தப் பிள்ளையிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அப்பா எப்படி நடப்பார்? வீட்டுக்குள் வரும்போது என்ன செய்வார்? கேட்டைத் திறக்கும்போது தொண்டையைச் செருமுவாராம். பேசும்போது அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாராம். நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாராம். எனக்கு அது போதும்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் அவர் பைக்கோடு காத்திருந்தார். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, மடித்து வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கூச்சத்தோடு நீட்டினார். பைக்கின் கண்ணாடியில் பார்த்துப் பூசிக்கொண்டேன். மேக்கப் போட்டு எத்தனையோ முறை விபூதி பூசியிருக்கிறேன். தெருவில் நின்று பூசியது அதுதான் முதல் தடவை.

கேட்டைத் திறந்தபோது தொண்டையைச் செருமினேன். உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஜன்னல் ஓரமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். ஒல்லியான உடம்பு. நெற்றியில் பெரிய பொட்டு. என் முகத்தை அவர் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். அங்கிருந்து மெதுவாக மேலே வந்து கைகளைப் பார்த்தார்.

"கொடைய எங்க உட்டீங்க?"

மகன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். குடையைப் பற்றி அவர் எனக்குச் சொல்லவில்லை. மேடையில் எதிரே இருப்பவர் வசனத்தை மாற்றிவிட்டால் நாமும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

"பஸ்ல வச்சிட்டு எறங்கிட்டேன்."

"எப்பவும் இதே வேலதான் உங்களுக்கு."

மருமகள் சிரித்துவிட்டாள். அம்மாளும் லேசாகச் சிரித்தார். மகன் மட்டும் விறுவிறுவென்று வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. காணாமல் போன அன்று காலையில் அப்பா குடை எடுத்துக்கொண்டு போனார் என்பதே தனக்கு மறந்துபோய்விட்டது என்று பிறகு சொன்னார்.

மருமகள் காபி கொண்டுவந்து, "மாமா, காபி" என்றாள். மாமியாருக்காகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் நான் குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். அவள் அந்த வீட்டுக்கு வாழவந்த காலத்திலிருந்து மாமா என்று கூப்பிட அங்கே யாரும் இருந்ததில்லை. அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் அது தெரிந்தது.

அன்று மத்தியானம் அம்மாள் சாப்பிட்டார் என்று போன் வந்தது. ஒரே தடவை என்று சொல்லிவிட்டுப் போனவன் மறுபடியும் போனேன். பிறகு, சென்னையில் வேலை இல்லாத நாட்களில் போவது வழக்கமாகிவிட்டது. அவர் பெரிதாக எதுவும் கேட்க மாட்டார். மழை வருமா, ரேஷனில் பருப்பு போட்டார்களா, பையன் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறானா என்று பேசுவார். பையன் பக்கத்தில் மீசையோடு உட்கார்ந்திருப்பார். நான் தலையாட்டுவேன், சட்டைப் பையைத் தொட்டுக்கொள்வேன். இவ்வளவு காலம் எங்கே போயிருந்தீர்கள் என்று மட்டும் அம்மாள் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போவேன்.

ஒரு நாள் மத்தியானம் அங்கே கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் வீடு அமைதியானது. எதிரே பீரோ கண்ணாடி இருந்தது. அதில் விபூதி பூசிய ஒருவர் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அது யார் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நான் கையை எடுத்த பிறகுதான் அவரும் எடுத்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் அதிகம் பயப்படுகிறவன் இல்லை. அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் என்னால் சரியாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு மாலை கடைக்குப் போய்விட்டுக் கடலூர் வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"கேட்டத் தொறக்கறப்ப செருமினீங்க. நேத்தும் செருமினீங்க. நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு நீங்க என்னிக்குச் செருமியிருக்கீங்க?"

எனக்குத் தெரியவே இல்லை. சென்னையில் ஒரு படப்பிடிப்பில் ஒரு தாசில்தார் வேஷம். டேக் முடிந்ததும் இளம் இயக்குநர் ஒருவர் வந்து, "சார், பேசறப்ப பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்களே, சூப்பரா இருக்கு. அப்படியே வச்சிக்கலாம்" என்றார். அந்தத் தாசில்தாருக்கு நான் வேறு ஒரு நடை, வேறு கை வைத்திருந்தேன். பையைத் தொடும் இந்தக் கை எப்போது வந்தது? வழக்கமாக வேஷம் முடிந்ததும் முகத்தைத் துடைக்கும்போதே அந்த ஆள் போய்விடுவார். இவர் போகவில்லை. செத்துப்போனவராக நடித்துப் பழக்கப்பட்டவன் நான். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஒருவரை உள்ளே விட்டது இதுதான் முதல் தடவை.

அந்தச் சமயத்தில்தான் பிச்சாவரத்தில் ஒரு படப்பிடிப்பு வந்தது. நான் படகில் உட்கார்ந்து மகனிடம் பேசுகிற ஒரு காட்சி. கேமரா வைக்க வேறு இடம் தேடிக்கொண்டிருந்ததால் எங்கள் படகு ஒரு கால்வாய்க்குள் ஒதுங்கி நின்றது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்றன. துடுப்புப் போடுகிறவர் அந்தப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாவில் பார்த்த முகம் என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? ரொம்ப வருஷம் முன்னாடி ஒருத்தரக் காணோம்னு எங்க ஊரு பூரா போட்டோ ஒட்டுனாங்க. நாங்கள்லாம் போயித் தேடுனோம். அந்தப் போட்டோவுல இருந்தவரு உங்கள மாதிரியே இருப்பாரு."

"கெடைச்சாரா?" என்றேன், தெரியாதவன் போல.

"இல்ல சார். அவரு இந்தத் தண்ணிக்கே வரலன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு. தண்ணில போனவங்க எங்கியாச்சும் கரை ஒதுங்கிருவாங்க. அவரு வேற எங்கியோ போயி நல்லாதான் இருப்பாரு."

அதன் பிறகு காட்சி எடுத்தார்கள். நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மனசு முழுக்க அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ இருக்கிறார். வேறு ஒரு ஊரில், வேறு ஒரு வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கலாம். தன் வீட்டில் தன் நாற்காலியில் ஒருவன் தன் பெயரில் காபி குடிப்பது அவருக்குத் தெரியாது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு பிற்பகல் நான் சிதம்பரம் போயிருந்தபோது மகன் வேலைக்குப் போயிருந்தார். மருமகள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். வெளியே தூறல். அம்மாள் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் சொன்னதுனாலதான் போனீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னீங்க. தெனமும் ஒரு கொற. எனக்கு வந்துதே ஒரு கோவம். 'போங்க, இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க'ன்னு சொல்லிட்டேன். வாய்ல வந்துட்டுது. புள்ளகிட்டகூட சொல்லல. போலீசு கேட்டப்பவும் சொல்லல. அதுக்காவவா போனீங்க?"

இத்தனை வருஷங்களில் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் என்னிடம் கேட்டுவிட்டார். பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. இருந்தது நான்தான். மேடையில் எனக்கு வசனம் மறந்ததில்லை. இது யாரும் எழுதித்தராத வசனம். அந்த முகத்தைப் பார்த்தேன். எப்படியாவது அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"நீ சொன்னது என் காதுலயே உழல. வெளியில பஸ்ஸு சத்தம். எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அதுவரை இருந்த அந்தக் கலங்கல் இல்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் ஒன்றிரண்டு முறை அப்படித் தெளிவாகப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"கேக்காம எப்படி? கேட்டத் தொறந்துட்டு நின்னு திரும்பிப் பாத்தாரே."

பாத்தீங்களே என்று அல்ல, பாத்தாரே என்றார். என்னிடம் சொல்லும்போது அப்படிச் சொன்னார். நான் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். என் கை சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டார். "பரவால்ல. நீங்க நல்லவரு. வந்துட்டுப் போங்க" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "வந்திருக்காரு பாரு, காபி குடும்மா" என்றார்.

யார் வந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. அதற்குப் பின்னும் நான் சில தடவை போனேன். என்னங்க என்று அவர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. முன்போலவே மழையைப் பற்றியும் ரேஷனைப் பற்றியும் பேசினார். நான் அவர் புருஷன் இல்லை என்று அன்றுதான் தெரிந்ததா, முதல் நாள் என் காலைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டதா, தெரிந்தும்தான் குடையைக் கேட்டாரா? இதை நான் மகனிடம் சொல்லவில்லை. அம்மாள் சொன்ன ரகசியத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்து சிறிது நேரம் ஜெபம் செய்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஒரு காலையில் போன் வந்தது.

"அம்மா போயிட்டாங்க சார்."

ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் தயங்கினார். "சார்… வரவேணாம்னு சொல்லல. சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க. அப்பாவோட வேல பாத்தவங்களும் வருவாங்க. உங்களப் பாத்தா…"

"எனக்குப் புரியுதுப்பா. நான் வரல."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்திலிருந்து இதெல்லாம் வேண்டாம் என்று சொன்ன என் மனைவி, புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நான் போயிட்டு வரேன். நம்ம வீட்லேருந்து ஒருத்தராவது போவணும்" என்றாள். கடைத்தெருவில் மாலை வாங்கிக்கொண்டு அவளே பஸ் ஏறினாள். நான் வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒருவருடைய சாவுக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் குளித்துவிட்டு வந்து சொன்னாள்.

குளிப்பாட்டி முடித்ததும் பெண்களுக்குள் பேச்சு கிளம்பியிருக்கிறது. பொட்டு வைப்பதா, பூ வைப்பதா? புருஷன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது எந்த முறையில் செய்வது? ஒருவர் வைக்கலாம் என்றிருக்கிறார், இன்னொருவர் கூடாது என்றிருக்கிறார். மகனிடம் கேட்டால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்போது மருமகள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் மாமியார் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்திருக்கிறாள். பூவும் வைத்திருக்கிறாள்.

"யாரோ ஒரு அம்மா 'என்னடி பண்ற'ன்னு அதட்டுனாங்க. அந்தப் பொண்ணு நிமிந்து பாத்து, 'எங்க மாமா போன மாசம்கூட வந்துட்டுப் போனாரு'ன்னுச்சு. அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"எங்கிட்ட நீங்க யாருன்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்கன்னு மட்டும் சொன்னேன்" என்றாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு சின்னப் பொய் சொன்னாலும் விடாத என் மனைவி, "அந்தப் பொண்ணு சொன்னது பொய்தானான்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அண்ணாமலை நகரில் என்னவெல்லாம் செய்தது என்பதைப் பிறகு மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் தம்பி, வந்த அண்ணனை எங்களுக்குக் காட்டவில்லையே என்று சண்டை போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாராம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், தானும் பஸ் நிலையத்தில் பார்த்ததாகவும் கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டதாகவும் அடித்துச் சொல்கிறாராம். அவர் பார்த்தது என்னைத்தான். மகன் யாரிடமும் மறுக்கவில்லை. "இப்ப போயி என்னன்னு சொல்றது சார்? எனக்கே சில நேரம் அப்பா வந்துட்டுப் போன மாதிரிதான் இருக்கு" என்றார்.

அந்த டிவி தொடரும் முடிந்துவிட்டது. இப்போதும் எனக்குச் சின்னச் சின்ன வேஷங்கள் வருகின்றன. செருமுவது நின்றுவிட்டது என்று மனைவி சொல்கிறாள். அதை நம்புகிறேன். ஆனால் வேறு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கோயில் வாசல் என்று எங்கே கூட்டத்தைப் பார்த்தாலும் என் வயசுக்காரர்களின் முகத்தைத் தேடுகிறேன். முன்பு வேஷத்துக்காகப் பெரியவர்களின் பின்னால் நடந்தேன். இப்போது அவர்களுக்கு முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனேன். கீழவீதி வழியாக வரும்போது எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். கையில் துணிப்பை. இடது தோள் இறங்கியிருந்தது. கல்யாண மண்டபத்தைத் தாண்டி அவர் பின்னாலேயே போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் வீட்டு அம்மாள் போய்ச்சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். உங்களுக்காக ஒரு கேள்வி என்னிடம் இருக்கிறது, அதற்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பூக்கடை பக்கம் அவர் நின்றார். நான் கிட்டே போய், "சார்" என்றேன்.

திரும்பினார். வேறு முகம். வட்டமான, கண்ணாடி போட்ட, சிரித்த முகம்.

"நீங்க டிவில வருவீங்கல்ல?" என்றார் சந்தோஷமாக. "யாரத் தேடுறீங்க?"

"தெரிஞ்சவரு ஒருத்தரு. பின்னாலேருந்து பாக்க உங்கள மாதிரியே இருந்துச்சு."

"பேரு சொல்லுங்க. நான் இந்த ஊருதான். கேட்டுப் பாக்கலாம்."

பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அவர் ஊர்க்காரர். கேட்க ஆரம்பித்தால் நாலு பேர் பார்த்தேன் என்று சொல்வார்கள். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தேன்.